ஆறு மில்லிமீட்டர்

எங்கள் பெட்ரோல் பங்க்கில் முதலாளி என்று ஒருவர் இருந்தார், மேனேஜர் என்று ஒருவர் இருந்தார். ஆனால் காலையில் பெட்ரோல் ஊற்றலாமா கூடாதா என்று சொல்ல வேண்டியவள் ஸ்கேலக்கா. அவள் "திறந்துக்கோ" என்று சொல்லாமல் ஒரு குழாயையும் யாரும் கையில் எடுக்க மாட்டார்கள். ஒருமுறை முதலாளியே கார் டேங்க் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றார். அக்கா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நிலத்துக்கடியில் இருக்கும் டேங்க்கில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று பார்க்க, கோடு போட்ட நீளமான பித்தளைக் கம்பி ஒன்று உண்டு. அதை நாங்கள் ஸ்கேல் என்போம். அதனால்தான் அவள் ஸ்கேலக்கா. பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் பங்க்கைப் பெருக்க வந்தவள். அப்போது அளந்துகொண்டிருந்தவர் மூக்குக் கண்ணாடி போட வெட்கப்பட்டு எண்களை ஒரு குத்துமதிப்பாகப் படித்துக்கொண்டிருந்தார். பின்னால் துடைப்பத்தோடு நின்றவள் எட்டிப் பார்த்து, "அண்ணே, அது எட்டு இல்ல, மூணு" என்றாள். மறுநாளும் சொன்னாள். அதற்கடுத்த நாளும். ஒரு வாரத்தில் அந்த மனிதர் எரிச்சல் தாங்காமல், "நீயே பாரு தாயே" என்று கம்பியை அவள் கையில் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அது அவள் கையில்தான்.

நான் அங்கே டயருக்குக் காற்று அடிப்பவன். என்னை எல்லோரும் 'காத்து' என்றே கூப்பிடுவார்கள். அக்கா லீவு போடும் நாள்களில் மட்டும் கம்பி விட்டு அளந்து, அளவு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அவள் குடியிருந்த வீட்டின் மாடியில்தான் நானும் குடியிருந்தேன். அதனால் அவளுடைய கோபம் வேலை நேரத்தோடு முடிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள் என்பது எங்களுக்குப் பழைய செய்தி. கொஞ்சமாக ஆரம்பித்துப் பத்து சதவீதம் ஆனது. ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. அது இருபது என்று அறிவித்த நாளில்தான் ஊரில் உள்ள அத்தனை பேரும் எஞ்சின் படித்தவர்கள் ஆகிவிட்டார்கள். காற்று அடிக்க வருகிறவன்கூட என்னிடம் கால் மணி நேரம் வகுப்பு எடுத்துவிட்டுத்தான் போவான்.

அக்கா வீட்டில் இந்தச் சண்டை ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டோடு நடக்கும். அவளுடைய தம்பி டாக்சி ஓட்டுகிறான், பதினாலு வயதான வண்டி. அவளுடைய நாத்தனார் ஊருக்கு வெளியே மக்காச்சோளம் பயிரிடுகிறாள். அந்தச் சோளம் எத்தனால் ஆலைக்குப் போகிறது. இந்த இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அக்காவின் கணவர் ஆஸ்பத்திரி கேன்டீனில் சமையல்காரர், வாயில்லாப் பூச்சி. சத்தம் ஏற ஏற அவர் தலை தட்டை நோக்கி இறங்கிக்கொண்டே போகும்.

"என் வண்டி என்ன பாவம் பண்ணுச்சு? பதினாலு வருஷம் ஒழுங்கா பெட்ரோல் குடிச்சிட்டு இருந்துச்சு. இப்ப அதுக்குச் சாராயத்தைப் பழக்கி விட்டுட்டீங்க" என்பான் தம்பி.

"குடிக்கிறதைப் பத்தி நீங்க பேசலாமா தம்பி?" என்பாள் நாத்தனார்.

அக்காவின் கணவருக்குப் புரை ஏறும். தம்பி முகம் சிவந்து, "பேச்சை மாத்தாதீங்க. ரெண்டு ட்யூப் ஊறிப் போய் மாத்திட்டேன். மைலேஜ் பாதியா குறைஞ்சிருச்சு. மனுஷன் சாப்பிடுற தானியத்தைக் காருக்குத் தீனியா போடுறீங்க, நல்லாவா இருக்கு?" என்பான்.

"மூணு வருஷம் வாங்க ஆளில்லாம என் சோளம் களத்துலயே புழு வச்சுக் கிடந்தப்ப எந்த மனுஷன் வந்து சாப்பிட்டான்? இப்ப லாரி வாசலுக்கே வந்து ஏத்திட்டுப் போகுது. கப்பல் கப்பலா வெளிநாட்டு எண்ணெய் வாங்கலாம், என் நிலத்துல விளையுறத ஊத்தக் கூடாதா?"

"ஊத்துங்க, யாரு வேண்டாம்னா? பழைய வண்டிக்குக் கலக்காத பெட்ரோலையும் தனியா வைங்க. வேணுங்கிறவன் அதை வாங்கிட்டுப் போறான். அதைத்தான கேக்குறோம்?"

அதுவரை பேசாமல் பரிமாறிக்கொண்டிருந்த அக்கா கரண்டியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது நியாயம். இதை மட்டும் பேசு. மைலேஜ் பாதியாச்சுன்னு காது குத்தாத. நீ எழுதி வச்ச நோட்டை நான் பார்த்தேன். பதினஞ்சு ஓடினது பதினாலு ஓடுது."

"அப்ப குறையலைங்கிறியா?"

"குறைஞ்சிருக்குன்னுதானடா சொல்றேன். பாதின்னு சொல்லாதங்கிறேன்." பிறகு கரண்டி நாத்தனார் பக்கம் திரும்பியது. "உன் சோளம் விலை போனதுல எனக்கும் சந்தோஷம்தான். அதுக்காக எந்த வண்டிக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு நீ அடிச்சுப் பேசாத. அவன் வண்டி ட்யூப்பை நான் தொட்டுப் பார்த்தேன். கொழகொழன்னு இருந்துச்சு."

"அண்ணி, நீங்க எந்தக் கட்சி?" என்று நாத்தனார் கேட்டாள்.

"எனக்கு நான் அளந்து பார்த்ததுதான் கட்சி. சாப்பிடு."

இருவருக்குமே அவள்மேல் கோபம். எல்லா ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தான் முடியும். அடுத்த ஞாயிறு இருவரும் தவறாமல் வந்துவிடுவார்கள்.

அந்தச் சமயத்தில்தான் செல்போனில் ஒரு வீடியோ பரவியது. ஒருவன் பாட்டிலில் பெட்ரோலை ஊற்றி, அதில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்குகிறான். அடியில் நிற்கும் தண்ணீர், விட்டதைவிட நிறைய இருக்கிறது. 'பாருங்கள், பங்க்கிலேயே தண்ணீர் கலந்து விற்கிறார்கள்' என்று கத்துகிறான். மறுநாள் எங்கள் பங்க்கில் முப்பது நாற்பது பேர் ஆளுக்கொரு பாட்டிலோடு கூடிவிட்டார்கள். மேனேஜர் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். 

அக்கா கோடு போட்ட கண்ணாடிக் குடுவை ஒன்றை எடுத்துக்கொண்டு கூட்டத்தின் நடுவே போனாள். குழாயிலிருந்து நூறு மில்லி பிடித்தாள். "இதுல தண்ணி தெரியுதா? கண்ணைத் திறந்து பாருங்க. ஒரே நிறம், ஒரே சரக்கு." அப்புறம் ஒருவன் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிப் பத்து மில்லி விட்டுக் குலுக்கி, உயர்த்திப் பிடித்தாள். அடியில் கிட்டத்தட்ட முப்பது மில்லி கலங்கலாக நின்றது.

"பத்து விட்டேன், முப்பது நிக்குது. மிச்சம் எங்கிருந்து வந்துச்சு? பெட்ரோலோட கலந்திருக்கே எத்தனால், அது தண்ணியக் கண்டா பெட்ரோலை விட்டுட்டுத் தண்ணியோட போய்ச் சேர்ந்துக்கும். அதோட குணம் அது. தண்ணி நீங்க கொண்டு வந்தது. நாங்க ஊத்தினது இல்ல."

"கட்டின புருஷனை விட்டுட்டுப் போற மாதிரி" என்றான் ஒருவன்.

"உன் வீட்டுக் கதையை இங்க சொல்லாத" என்றாள் அக்கா.

கூட்டம் சிரித்துவிட்டது. சிரித்த கூட்டம் அடிக்காது. கலைந்து போனார்கள். அதற்குப் பிறகு யார் சண்டைக்கு வந்தாலும் மேனேஜர், "ஸ்கேலக்காவைக் கூப்பிடு" என்பார். அவள் குடுவையோடு வருவாள். அந்த வட்டாரத்தில் எங்கள் பங்க்கின் மேல் நம்பிக்கை இருந்தது என்றால், அது அவள் சொல்லின் மேல் இருந்த நம்பிக்கைதான். முதலாளிக்கு வாயெல்லாம் பல். அவள் தோளில் தட்டி, "நீ எங்க பங்க்குக்குக் கிடைச்ச சொத்து" என்றார்.

"சொத்தை அப்புறம் பார்த்துக்கலாம் முதலாளி. அளக்குற ஓட்டையோட மூடியில ரப்பர் வாஷர் காய்ஞ்சு வெடிச்சிருக்கு. மழை பெஞ்சா குழியில நிக்கிற தண்ணி உள்ள இறங்கும். வாஷர் மாத்தணும். தண்ணி பார்க்குற பசையும் பழசு. அது கலக்காத பெட்ரோலுக்கு உள்ளது. கலந்ததுக்கு வேற பசை வந்திருக்கு. அதை வாங்கிக் குடுங்க."

"பார்க்கலாம்."

"பார்க்கலாம் இல்ல, பார்க்கணும். முன்னாடி கொஞ்சம் தண்ணி இறங்கினா அடியில சும்மா கிடக்கும். வடிச்சு எடுத்துடலாம். இப்ப உள்ள சரக்கு தண்ணிய உறிஞ்சிக்கும். அளவு மீறிடுச்சுன்னா எத்தனாலையும் இழுத்துக்கிட்டு மொத்தமா கீழ உக்காரும். அதைத்தான் குழாய் முதல்ல உறிஞ்சி வெளிய விடும்."

முதலாளி மறுபடியும் பார்க்கலாம் என்றார். அவர் பார்க்கலாம் என்று சொன்ன எதையும் பார்த்ததாகச் சரித்திரம் இல்லை. அக்கா அடுத்த மாதம் கேட்டாள், அதற்கடுத்த மாதமும் கேட்டாள். கடைசியில் சைக்கிள் ட்யூபை வெட்டித் தானே ஒரு வாஷர் செய்து போட்டாள். பெட்ரோல் பட்டு அது பத்து நாளில் உப்பி விட்டது.

பிறகு மழைக்காலம் வந்தது. விட்டுவிட்டுப் பெய்ததில் கொஞ்சம் கொஞ்சமாக எவ்வளவு உள்ளே இறங்கியதோ தெரியாது. ஒரு நாள் விடிய விடியக் கொட்டித் தீர்த்துவிட்டுக் காலை ஐந்தரைக்கு ஓய்ந்தது. நாங்கள் போனபோது டேங்க் குழி நிரம்பி, மூடி தண்ணீருக்குள் இருந்தது. அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்டியிட்டு, பிளாஸ்டிக் மக்கால் குழியை இறைத்து, துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மூடியைத் திறந்தாள். கம்பியின் அடியில் மஞ்சள் பசையைத் தடவி உள்ளே விட்டாள். தண்ணீர் பட்டால் அந்தப் பசை சிவக்க வேண்டும். வெளியே எடுத்தபோது, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்குத்தான் சிவப்பு.

ஆனால் அவள் பசையைப் பார்க்கவில்லை. கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்ரோல் பித்தளையில் தங்காது, வெளியே எடுத்த சில நொடிகளில் காய்ந்துவிடும். மேல் பகுதி காய்ந்துவிட்டது. அடியில் ஒரு சாண் உயரத்துக்கு ஈரம் காயாமல் நின்றது. இன்னொன்றும் இருந்தது. முதல் நாள் பங்க்கை மூடும்போது அவளே அளந்து எழுதியது ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டர். இப்போது ஆயிரத்து நூற்றுப் பதினெட்டு. நடுவில் லாரி லோடு எதுவும் வரவில்லை.

"பசை சிவக்கல. திற, வண்டிங்க நிக்குது" என்றார் மேனேஜர்.

"ஆறு மில்லி ஏறியிருக்கு சார்."

"நேத்து நீ தப்பாப் பார்த்திருப்ப."

"பத்தொன்பது வருஷத்துல நான் தப்பாப் பார்த்த ஒரு நாளைக் காட்டுங்க. டேங்க் என்ன குட்டி போட்டுச்சா? தண்ணி இறங்கியிருக்கு. எத்தனால் பிரிஞ்சு அடியில நிக்குது. இதை ஊத்தினா வண்டிங்க நடுரோட்டுல நிக்கும். டேங்க்கைக் காலி பண்ணிக் கழுவணும். நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மேனேஜர் முதலாளிக்குப் போன் செய்தார். டேங்க்கைக் கழுவினால் ரெண்டு நாள் பங்க் மூடிக் கிடக்கும், எண்ணெய்க் கம்பெனியிலிருந்து ஆள் வந்து ஏன் எதற்கு என்று குடைவான். போனில் முதலாளி கத்தியது எனக்கே கேட்டது. "அவ போடலன்னா காத்தைப் போடச் சொல்லு. அவனும் போடலன்னா ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பு."

இனி சொல்லப் போவது எனக்குப் பெருமை தருவதில்லை. கம்பியை நான் விட்டேன். ஆயிரத்து நூற்றுப் பதினெட்டு என்று என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். காயாத ஈரத்தைப் பார்த்தேன். நோட்டில் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதி, தண்ணீர் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேலை போய்விடும் என்ற பயம்தான் காரணம். வேறு சப்பைக்கட்டு எதுவும் என்னிடம் இல்லை. அக்கா பக்கத்திலேயே நின்று நான் எழுதுவதைப் பார்த்தாள்.  கம்பியைத் துடைத்துக் கொக்கியில் மாட்டிவிட்டு வாசலுக்கு நடந்தாள்.

பங்க்கின் நுழைவாயிலில் நின்றுகொண்டு உள்ளே வரும் ஒவ்வொரு வண்டியையும் கைகாட்டி நிறுத்தினாள். "இன்னைக்கு இங்க போடாதீங்க. டேங்க்ல தண்ணி இறங்கியிருக்கு." மேனேஜர் ஓடி வந்து உள்ளே போகச் சொன்னார். "இது ரோடு சார். ரோட்டுல நிக்கிறதுக்கு நான் யாரையும் கேக்கணுமா?" என்றாள். சிலர் பயந்து திரும்பினார்கள். சிலர் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் கண்ணாடியை இறக்கி, "நீதானம்மா அன்னைக்குக் குடுவையில காட்டி, தண்ணியே இல்லைன்னு சத்தியம் பண்ணின?" என்று கேட்டார்.

"அன்னைக்கு இல்ல. இன்னைக்கு இருக்கு."

"உங்களுக்கு நாளுக்கொரு பேச்சு" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய் ஊற்றிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து அவள் தம்பியும் டாக்சியோடு வந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். "நான் சொன்னப்ப நம்புனியா? எத்தனால் வண்டிக்கு எமன்னு இப்பவாவது ஒத்துக்கிட்டியா?"

"எத்தனால் இல்லடா. மூடி. அதோட குணம் தெரிஞ்சும் மூடியை ஒழுங்கா மூடாதவங்க. போ, வேற பங்க்ல போட்டுக்கோ."

அவள் எவ்வளவு தொண்டை கிழியக் கத்தியும் பதினெட்டு வண்டிகள் ஊற்றிக்கொண்டு போயின. ஒன்பது மணிக்குள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஓட்டிக்கொண்டு யாரும் வரவில்லை. சிலர் தள்ளிக்கொண்டு வந்தார்கள், சிலர் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். ரொட்டி வேன் ஒன்று, டிரைவிங் ஸ்கூல் கார் ஒன்று. டியூட்டிக்குப் போக வேண்டிய நர்ஸ் ஒருத்தி ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வியர்த்து விறுவிறுத்து வந்து, ஸ்டாண்ட் போடக்கூடத் தெம்பில்லாமல் அதை என்மேல் சாய்த்துவிட்டு உட்கார்ந்தாள். அவள் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

முதலாளி வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் நேராக அக்காவிடம் போய்க் குரலைத் தாழ்த்தினார். "குடுவையை எடு. அன்னைக்குச் செஞ்ச மாதிரி செய். இது தண்ணி இல்ல, எத்தனால்தான் இப்படித் தெரியுதுன்னு சொல்லு. நீ சொன்னா கேப்பாங்க."

"ஆமா, நான் சொன்னா கேப்பாங்க" என்றாள் அக்கா. குடுவையை எடுத்து வந்தாள். குழாயிலிருந்து நூறு மில்லி பிடித்தாள். எல்லோரும் பார்க்கும்படி உயர்த்தினாள். மேலே தெளிவாகவும் கீழே கலங்கலாகவும் அது இரண்டாகப் பிரிந்து நின்றது. "பாருங்க. அன்னைக்குத் தண்ணிய நான் ஊத்தினேன். இன்னைக்கு ஒரு சொட்டு ஊத்தல. ஊத்தாமலே பிரிஞ்சு நிக்குது. இது எத்தனால் பண்ண வேலைன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. மழைத் தண்ணி டேங்க்ல இறங்கியிருக்கு. வாஷர் மாத்தச் சொல்லி மூணு தடவை கேட்டேன். மாத்தல."

 முதலாளி நோட்டை எடுத்து வந்து விரித்தார். "இவளை வேலையை விட்டு நீக்கியாச்சு, அந்த ஆத்திரத்துல பேசுறா. அளந்தவன் எழுதியிருக்கான் பாருங்க. தண்ணி இல்லைன்னு கையெழுத்தே போட்டிருக்கான். எல்லா ஊருலயும் இருபது சதவீதம் வந்ததுல இருந்து வண்டி நிக்குது. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? ரிப்பேரை அவங்கவங்க பார்த்துக்க வேண்டியதுதான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்து காற்றுக் குழாயில் ஏதோ சிக்கல் எடுப்பதுபோல் எடுத்தேன். அக்காவும் பார்த்திருப்பாள். நான் நிமிரவில்லை.

முதலாளி சும்மா வரவில்லை. வரும் வழியிலேயே புது லோடுக்குச் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறார். பத்தரைக்கு டேங்கர் லாரி உள்ளே திரும்பியது. அக்காவுக்கு உடனே புரிந்துவிட்டது. "புது சரக்கை மேல கொட்டினா கீழ உள்ளது கலைஞ்சு கலந்துடும். அப்புறம் யார் வந்து பார்த்தாலும் ஒண்ணும் தெரியாது. இவங்க பதினெட்டு பேரும் சொந்தக் காசுல வண்டியை ரிப்பேர் பண்ணிட்டு, எத்தனாலைத் திட்டிட்டுப் போகணும். அதான திட்டம்?" என்று சத்தமாகவே கேட்டாள். மேனேஜர் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியைத் தரதரவென்று இழுத்து வந்து, லாரியிலிருந்து சரக்கு இறக்கும் வாயின் மூடிமேல் போட்டு, அதில் உட்கார்ந்தாள். கால்மேல் கால் போட்டுக்கொண்டாள். அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"எந்திரிடி!" என்றார் முதலாளி.

"டி போட்டுப் பேசுறதுக்கு நான் உங்க வேலையில இல்ல. இப்பத்தான நீக்கினீங்க? கம்பெனி ஆளை வரச் சொல்லுங்க. அவர் அடியில இருந்து பாட்டில்ல பிடிச்சு சீல் வைக்கட்டும். அதுவரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."

"போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. அவங்க ஜீப்பும் இங்கதான் போடுது. அவங்களுக்கும் தெரியணும்."

விஷயம் கேள்விப்பட்டு அவள் தம்பி எங்கிருந்தோ பறந்து வந்து, டாக்சியை லாரிக்கும் அவளுக்கும் நடுவில் குறுக்கே நிறுத்தினான். நிறுத்தியதோடு விடாமல் பானட்மேல் கையை ஊன்றிக்கொண்டு, "சகோதர சகோதரிகளே, எத்தனால் என்ற விஷம்..." என்று ஆரம்பித்தான். "வண்டியை நிறுத்தினது போதும், வாயையும் நிறுத்து" என்று அக்கா அதட்டினாள். அவ்வளவு கலவரத்திலும் நர்ஸ் சிரித்துவிட்டாள்.

லாரி டிரைவர் எதிலும் பட்டுக்கொள்ளாமல் இறங்கி வந்தார். அவருக்கு ஒரே விதிதான். சரக்கை இறக்குவதற்கு முன்னால் டேங்க்கை ஒருமுறை அளந்து, தண்ணீர் இல்லை என்று எழுதி, அளந்தவர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அந்தத் தாள் கையில் வராமல் வால்வைத் தொட மாட்டார். "யாரு அளக்குறது?" என்று கேட்டார்.

"காத்து!" என்றார் முதலாளி. "அளந்து எழுது. காலையில எழுதின மாதிரியே எழுது. அவளை நான் பார்த்துக்கிறேன்."

அளக்கும் குழி அவள் நாற்காலியிலிருந்து இரண்டடி தூரம். நான் கம்பியோடு போய் அவள் காலடியில்தான் மண்டியிட வேண்டியிருந்தது. அவள் என்னைக் கெஞ்சவும் இல்லை, முறைக்கவும் இல்லை. லாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பி குழியின் விளிம்பில் பட்டு டங்கென்று சத்தம் போட்டது. வெளியே எடுத்தேன். அடியில் ஒரு சாண் ஈரம், காயவே இல்லை. வேலை போய்விடும் என்ற பயம் காலையில் இருந்த அளவுக்கே இப்போதும் இருந்தது, ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையவில்லை. அந்தப் பயத்தோடேயே தாளில் அப்போதைய அளவை உள்ளபடி எழுதினேன். தண்ணீர் என்ற இடத்தில் 'உண்டு' என்று எழுதினேன். அப்புறம் நோட்டை வாங்கி, காலையில் எழுதியதை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் ஆயிரத்து நூற்றுப் பதினெட்டு, தண்ணீர் உண்டு, காலையில் பொய் எழுதினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

டிரைவர் தாளை வாங்கிப் படித்தார். "தண்ணி இருக்குற டேங்க்ல இறக்கினா என் தலைதான் உருளும்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். தம்பி டாக்சியைப் பின்னால் எடுத்து வழிவிட, லாரி வந்த வழியே திரும்பிப் போனது. கூட்டத்தில் ஒருவர் நோட்டின் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்தார். பிறகு பதினெட்டு பேரும் எடுத்தார்கள். ரொட்டி வேன்காரர் கம்பெனிக்குப் போன் போட்டுப் பேச ஆரம்பித்தார்.

முதலாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நாளையில இருந்து ரெண்டு பேரும் இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கக் கூடாது."

"நான் நாளைக்கும் வருவேன்" என்றாள் அக்கா. "டேங்க்கைக் கழுவுறதை நின்னு பார்த்துட்டுத்தான் போவேன்."

கம்பெனி ஆள் வர மூன்று மணி ஆகும் என்றார்கள். அவள் நாற்காலியை விட்டு அசையவில்லை. நான் கம்பியைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் நின்றேன். உண்மையைச் சொன்னால், ஒரு நல்ல வார்த்தையை எதிர்பார்த்துத்தான் நின்றேன். வேலையைத் தூக்கி எறிந்துவிட்டு வந்திருக்கிறேன், கொஞ்சமாவது சொல்ல மாட்டாளா என்று இருந்தது.

அக்கா கம்பியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். வாசலில் வரிசையாக நின்ற வண்டிகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"காலையிலேயே எழுதியிருந்தா, இந்தப் பதினெட்டும் ஓடிட்டு இருந்திருக்கும்" என்றாள்.